கணவர் கோவையில், நான் டல்லாஸில்: எந்தப் பெட்டியை டிக் செய்வது?

பிப்ரவரி வந்தாலே அமெரிக்க வருமான வரித் தாக்கல் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், வீட்டுக்காரர் இந்தியாவில், ஜாயின்ட்டா போடலாமா?" பதிலும் உடனே வந்துவிடும்: "கண்ணை மூடிக்கிட்டு ஜாயின்ட் போடுங்க." ஜாயின்ட் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கண்ணை மூடிக்கொள்வதில்தான் ஆட்சேபணை.

டிசம்பர் 31 அன்று கல்யாணம் ஆகியிருந்தால் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கணக்கில் அந்த ஆண்டு முழுக்க நீங்கள் திருமணமானவர். கணவர் அமெரிக்காவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதற்காக சிங்கிள் என்று போட முடியாது. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (குடும்பத் தலைவர் என்ற வரித் தகுதி) வேண்டுமானால் பிள்ளை உங்களோடு பாதி ஆண்டுக்கு மேல் இங்கே இருக்க வேண்டும், வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் உங்களுடையதாக இருக்க வேண்டும்; ஊரில் இருக்கும் அம்மா அப்பாவைக் காட்டி அதை வாங்க முடியாது. ஆக, பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சுவது தனித்தாக்கல் (திருமணமானவர் தனியாகப் போடுவது) அல்லது கூட்டுத்தாக்கல் (இருவரும் சேர்ந்து ஜாயின்ட்டாகப் போடுவது).

ஏன் எல்லாரும் கூட்டுத்தாக்கல் என்கிறார்கள் என்று பார்க்க 2025 கணக்கையே எடுத்துக்கொள்வோம். சம்பளம் 1,10,000 டாலர், கணவருக்கு வருமானமே இல்லை. தனித்தாக்கலில் நிலைக்கழிவு (வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் தொகை) 15,750, கூட்டுத்தாக்கலில் 31,500. வரி அடுக்குகளும் அகலமாகிவிடும். தனியாகப் போட்டால் கூட்டாட்சி வரி சுமார் 15,650 டாலர், சேர்ந்து போட்டால் சுமார் 8,940. வித்தியாசம் 6,700 டாலர். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் கதை இதோடு முடிந்தது.

ஆனால் அவருக்கு வருமானம் இருந்தால்? சேர்ந்து போட, அவரை அமெரிக்காவில் வசிப்பவராகக் கருதச் சொல்லி இருவரும் கையெழுத்திட்ட ஒரு அறிக்கையை இணைக்கிறீர்கள். அந்தக் கையெழுத்தோடு அவருடைய உலக வருமானம் முழுக்க இங்கே கணக்குக்கு வருகிறது. கோவைச் சம்பளம், வாடகை, எஃப்டி வட்டி, அங்கே வரியே இல்லாத பிபிஎஃப் வட்டி, எல்லாம்தான். "அங்கே கட்டிய வரிக்கு இங்கே கிரெடிட் உண்டே" என்பார்கள். உண்டு, 1116 படிவம். ஆனால் 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை, சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை, இந்தியாவில் வரி பூஜ்யம். அங்கே கட்டாத வரிக்கு இங்கே எப்படிக் கிரெடிட் வரும்? ஆண்டில் 330 நாள் வெளிநாட்டில் இருந்தவர் 2555 படிவம் வழியே சம்பளத்தை விலக்கிக்கொள்ள இடமிருக்கிறது, ஆனால் அது வட்டிக்கும் வாடகைக்கும் உதவாது. இன்னொரு தலைவலி: அவருடைய படிவம் 16 ஏப்ரல் முதல் மார்ச் வரை, இங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை. சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக எடுத்து வைத்துக் கூட்டியே ஆக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் 12 லட்சம் சம்பளக்காரருக்குக் கூட்டுத்தாக்கலே லாபமாக வரலாம். நான் உண்மையில் பயப்படுவது மியூச்சுவல் ஃபண்டைப் பார்த்து. மாதம் ஐயாயிரம் ரூபாய் எஸ்ஐபி ஊரில் நல்ல பழக்கம்தான், ஆனால் அமெரிக்க வரிச் சட்டத்தில் இந்திய மியூச்சுவல் ஃபண்ட் என்பது பிஎஃப்ஐசி, அதாவது கடுமையான வரி விதிகள் கொண்ட ஒருவகை வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம். பொதுவாக ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனி 8621 படிவம். கூட்டுத்தாக்கலில் மொத்த மதிப்பு 50,000 டாலருக்குள் இருந்தால் சும்மா வைத்திருக்கும்வரை விலக்கு கிடைக்கலாம், விற்று லாபம் பார்த்தால் அந்தச் சலுகை போச்சு. லாபத்தை வைத்திருந்த காலம் முழுக்கப் பிரித்துப்போட்டு, முந்தைய ஆண்டுகளின் பங்குக்கு உச்ச விகிதத்தில் வரியும் அதன்மேல் வட்டியும் போடுகிற முறைதான் பிஎஃப்ஐசிக்கு. ஆறு ஃபண்ட் வைத்திருக்கும் கணவருக்குப் படிவம் நிரப்ப சிபிஏ (கணக்காளர்) கேட்கும் கட்டணமே கூட்டுத்தாக்கலில் மிச்சமாகும் வரியில் நல்ல பங்கை விழுங்கிவிடலாம். குழுவில் யாரும் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் யாரும் "அவர் எதில் போட்டு வைத்திருக்கிறார்?" என்று கேட்பதில்லை.

அப்புறம் கணவருக்கு வேண்டிய வரி எண். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத கணவருக்கு ஐடிஐஎன் (ஐஆர்எஸ் தரும் வரி அடையாள எண்) வேண்டும், அதற்கு டபிள்யூ-7 படிவத்தை வரித்தாக்கலோடு சேர்த்துக் காகிதத்தில் அனுப்ப வேண்டும். நோட்டரி கையெழுத்திட்ட பாஸ்போர்ட் நகல் செல்லாது. அசல் பாஸ்போர்ட்டையே தபாலில் அனுப்ப மனசு வராதவர்கள் ஐஆர்எஸ் அங்கீகாரம் பெற்ற முகவரிடம் சரிபார்த்து அனுப்பலாம். தனித்தாக்கலில் இந்தத் தொல்லை இல்லை, அவருடைய எண் கேட்கும் இடத்தில் 'என்ஆர்ஏ' (அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர்) என்று எழுதினால் போதும்.

இரண்டையும் எழுதிப் பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லையா, ஏப்ரல் 15க்குள் தனியாகவே போட்டுவிடுங்கள். பொதுவாக மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் வழியே அதைக் கூட்டுத்தாக்கலாக மாற்றிக்கொள்ளலாம். கூட்டாகப் போட்டதைக் கெடு முடிந்தபின் தனித்தாக்கலாக மாற்ற முடியாது. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு அந்தக் கூட்டுத் தேர்வைக் கைவிடலாம், ஆனால் ஒருமுறை கைவிட்டால் அதற்குப் பிறகு எந்த ஆண்டிலும் நீங்கள் இருவரும் அதைத் திரும்பக் கேட்க முடியாது.