மண்ணால் எழுந்த கோரோ

காட்டுத்தடி நட்டு, வரிச்சுக் கட்டி, குழைத்த மண்ணை அப்பிச் சுவர் எழுப்பிய வன்னி வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, வெனிசுவேலாவின் கோரோ நகரம் அத்தனை அந்நியமாகத் தோன்றாது. ஹுவான் தே அம்பியெஸ் என்ற ஸ்பானியர் 1527 இல் நிறுவிய அந்நகரின் பழைய மாளிகைகள் பலவும், வெயிலில் உலர்த்திய மண்கல்லாலும், தடிகளுக்கிடையே மண் அடைத்த சுவர்களாலும் ஆனவை. மண்வீடு என்றாலே வறுமை என்று நாம் எப்போது நினைக்கத் தொடங்கினோமோ தெரியவில்லை.

1528 இல் ஸ்பானிய மன்னர் அம்மாகாணத்தை ஜெர்மனியின் வெல்சர் வணிகக் குடும்பத்திடம் ஒப்படைத்தார். அவர்கள் தேடிய தங்க நகரம் அகப்படவில்லை. பின்னர், அருகிலுள்ள குராசோ தீவை ஆண்ட ஒல்லாந்தருடன் (முல்லைத்தீவில் கோட்டை கட்டிய அதே ஒல்லாந்தர்தான்) வணிகம் நடந்ததால், ஸ்பானிய முறையும் ஒல்லாந்த முறையும் உள்ளூர் மண்வேலையுடன் கலந்த கட்டடக்கலை அங்கே உருவாயிற்று. யுனெஸ்கோ 1993 இல் கோரோவையும் அதன் துறைமுகத்தையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கடும் மழை சுவர்களைச் சிதைத்ததால், 2005 இல் ஆபத்திலுள்ள மரபுரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. ஆண்டுதோறும் மாரிக்குப் பின் சுவர் மெழுகிய நம் பெண்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

நிலம் வறண்டதாதலால் உணவில் ஆட்டுக்கே முதலிடம். ஆட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலில் சமைக்கிறார்கள். ஆட்டுப்பாலைச் சீனியுடன் வற்றக் காய்ச்சி இனிப்புச் செய்கிறார்கள். சோளத்தைச் சுண்ணாம்போ சாம்பலோ கலந்த நீரில் அவித்துத் தோல் நீக்கி, அரைத்து, வட்டமாகத் தட்டிச் சுடும் அரேப்பா அவர்களின் அன்றாட உணவு. துறைமுகமான லா வேலாவில் டிசம்பர் 28 அன்று மக்கள் முகமூடியும் வண்ண உடையும் அணிந்து தெருவெல்லாம் ஆடிக் களிக்கின்றனர்.