மெக்சிகோவுக்குப் போன கம்பெனித் துப்பாக்கி

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் புனித டேவிட் கோட்டையின் மிச்சங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1836-இல் டெக்சாசில் கிளர்ச்சியாளர்கள் காத்துநின்ற அலாமோ கோட்டையைத் தாக்கிய மெக்சிகோ காலாட்படையினர் பெரும்பாலும் ஏந்தியிருந்தது ‘இந்தியா பேட்டர்ன்’ துப்பாக்கி என்று படித்தபோது மெய்சிலிர்த்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்கென்று செய்வித்த எளிய வகை அது. அதன் குழல் 39 அங்குலம், அதற்கு முந்தைய பிரிட்டிஷ் துப்பாக்கியைவிட 3 அங்குலம் குட்டை. 1793-இல் பிரான்சுடன் மூண்ட போரில் ஆகஸ்ட் மாதம் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதே போரில் ஆயுதம் போதாமல் பிரிட்டிஷ் அரசு கம்பெனியின் கையிருப்பை வாங்கிக்கொண்டு, பிறகு அந்த வகையையே தன் படைக்கும் வழக்கமாக்கியது. நெப்போலியன் வீழ்ந்தபின் மிஞ்சிக் கிடந்த துப்பாக்கிகளை, விடுதலை பெற்ற மெக்சிகோ விலைக்கு வாங்கியது.

சிறு வயதில் கெடிலத்தங்கரையில் நரிக்குறவப் பெரியவர் ஒருவர் நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் அவர் இடித்த ஒவ்வொரு இடியும் நிதானமாக விழுந்தது. மெக்சிகோ வீரனோ காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, எதிரியின் குண்டுகளுக்கு நடுவே நின்று இதே வேலையைச் செய்தான்.

டெக்சாசிலும், பிறகு அமெரிக்காவுடன் நடந்த போரிலும் அவன் கண்ட தோல்விகளுக்குத் துப்பாக்கியைப் பழிப்பது நியாயமன்று என்பது என் உறுதியான கருத்து. வாட்டர்லூவில் வென்ற படையின் கையில் இருந்ததும் அதே வகைதான். பல துப்பாக்கிகள் தேய்ந்து பழசாகியிருந்தன என்பது உண்மை; ஆனால் பெருங்குறை மருந்தில் இருந்தது. நல்ல மருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் இருக்க வேண்டும். மெக்சிகோ மருந்தில் கரி மிகுந்து வேகம் குறைந்ததால் கூடுதலாகக் கொட்டினார்கள். அது தோளில் உதைத்ததால் பலர் இடுப்பளவில் வைத்தே சுட்டார்கள், குண்டுகளும் குறி தப்பி உயரே பறந்தன.

கசடோர் எனப்பட்ட இலகு காலாட்படையினரில் சிலரிடம், குழலின் உட்புறம் புரிவெட்டிய பேக்கர் துப்பாக்கி இருந்தது. 200 கஜத்திலும் அது குறி தவறாது. குதிரை வீரர்கள் குட்டைத் துப்பாக்கியோடு ஈட்டியும் வைத்திருந்தார்கள். அமெரிக்காவுடனான அந்தப் போரில், 1846 டிசம்பர் 6 அன்று கலிபோர்னியாவின் சான் பாஸ்குவாலில், இரவு மழையில் அமெரிக்கரின் மருந்து நனைந்துபோயிருக்க, மெக்சிகோ தரப்புத் தளபதி ஆந்த்ரேஸ் பிக்கோவின் குதிரை வீரர்கள் ஏறக்குறைய முழுக்க ஈட்டியாலேயே அவர்களில் சுமார் 20 பேரைக் கொன்றார்கள்.