க்ரூஸ் மாவட்டத்தில் ஒரு கல் வீடு வாங்கிய அனுபவம்

பிரான்சின் கிராமப்புறத்தில் வீடு வாங்க நினைக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான். விலை குறைவு என்பது உண்மை. பாரிஸ் புறநகரில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்குக் கேட்கும் பணத்தில், க்ரூஸில் தோட்டமும் களஞ்சியமும் சேர்ந்த கல் வீட்டை வாங்கிக் கூரையையும் திருத்திவிடலாம். ஆனால் அதற்கு முன் விசாரிக்க வேண்டியவை வேறு. கழிவுநீர் எங்கே போகிறது? புல்வெளியில் யாருடைய மாடு மேய்கிறது? வீட்டு உறுதிப் பத்திரத்தில் எத்தனை பேருடைய பெயர் இருக்கிறது? எங்கள் வீட்டு அலுவல் முழுக்க இந்த மூன்றையும் சுற்றித்தான் நடந்தது.

லோசேருக்கு அடுத்தபடியாகப் பிரான்சில் ஆட்கள் மிகக் குறைந்த மாவட்டம் க்ரூஸ். 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆயிரக்கணக்கான கொத்தனார்கள் பாரிசுக்குப் போய் அந்த நகரத்தைக் கட்டினார்கள். ஊரில் இருக்கும் கருங்கல் வீடுகளிலும் அந்தக் கைத்திறன் தெரிகிறது. பாரிஸ் ஒஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் லா சூத்தெரேனில் இறங்கலாம். அதற்கப்புறம் கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

விற்பவர்கள் ஒரு மூதாட்டியின் வாரிசுகள். சொத்து பிரிக்கப்படாமல் எல்லோர் பெயரிலும் பொதுவாக இருந்தது. இப்படிப்பட்ட வீடு கிராமங்களில் நிறைய உண்டு. விற்பனைக்கு எல்லா வாரிசும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கனடாவில் இருந்ததால் அவருடைய அதிகாரப் பத்திரம் வந்து சேரும் வரை காத்திருந்தோம். அந்த நேரத்தில் நாங்கள் எங்களுக்கென்று தனியாக ஒரு நொத்தேரை, அதாவது சொத்து உறுதி எழுதும் சட்ட அலுவலரை, வைத்துக்கொண்டோம். இதற்குக் கூடுதல் செலவு கிடையாது, இரண்டு நொத்தேர்களும் ஒரே கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். பலருக்கு இது தெரியாமல் விற்பவரின் நொத்தேரையே நம்பிவிடுகிறார்கள். நம் பக்கம் நின்று காகிதம் வாசிக்க ஓர் ஆள் இருப்பது பெரிய பலம்.

முதல் ஒப்பந்தமான கொம்ப்ரோமியில் கையெழுத்திட்ட பிறகு, வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு. காரணம் எதுவும் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். வங்கிக் கடன் கிடைத்தால்தான் வாங்குவோம் என்ற நிபந்தனையையும் அதில் எழுதுவித்தோம். கடன் மறுக்கப்பட்டால் முற்பணம் முழுதாகத் திரும்பிவிடும். கடன் தவணைகள் வருமானத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதில் வங்கிகள் கறாராக இருப்பதால், இந்த ஒரு வரி மிகவும் முக்கியம்.

இனிக் கழிவுநீர். கிராமத்தில் பொதுச் சாக்கடை பெரும்பாலும் இருக்காது, வீட்டுக்கு வீடு தனிக்குழிதான். விற்பனைக்கு முன் ஸ்பாங்க் என்ற உள்ளூர்ச் சேவை அதைப் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் குழி தரமற்றது என்று வந்தது. அப்படி வந்தால், உறுதி எழுதிய ஓர் ஆண்டுக்குள் வாங்கியவர்தான் சரிசெய்ய வேண்டும். மண் பரிசோதனையும் சேர்த்து அதைச் சரிசெய்யும் செலவு மதிப்பீடு 10,000 யூரோவைத் தாண்டியது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதில் வாரிசுகள் பெரும்பகுதியை விலையில் குறைத்தார்கள். கொம்ப்ரோமிக்கு முன்பே இதைப் பேசி முடித்தது நல்லதாயிற்று. கையெழுத்திட்ட பிறகு பேரம் பேச நமக்கு வலு இல்லை.

புல்வெளி விஷயம் இன்னும் நுட்பமானது. பக்கத்துப் பண்ணையாரின் பழுப்பு நிற லிமுசன் மாடுகள் பல வருடமாக அங்கே மேய்ந்துகொண்டிருந்தன. பிரெஞ்சுச் சட்டத்தில் விவசாயக் குத்தகை வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். குறைந்தது 9 ஆண்டு. குத்தகைக்காரரை எளிதில் எழுப்ப முடியாது, நிலம் விற்கப்படும்போது முதலில் வாங்கும் உரிமையும் அவருக்கு வரலாம். எங்கள் நொத்தேர் இதைச் சொன்னதும் பண்ணையார் வீட்டுக்கே போனோம். அவர் மேசையில் சீஸையும் ரொட்டியையும் வைத்துவிட்டு, மூதாட்டியிடம் தான் ஒரு காசும் கொடுத்ததில்லை, பதிலுக்கு வேலியைப் பார்த்துக்கொண்டதும் இல்லை என்றார். குத்தகை ஏதும் இல்லை என்பதை அவரே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அந்தப் பெரியவரின் நேர்மையை நான் மறக்க மாட்டேன்.

விவசாய நிலம் சேர்ந்திருந்ததால் நொத்தேர் சஃபேருக்கும் அறிவிக்க வேண்டியிருந்தது. 1960இல் வந்த சட்டத்தின்படி உருவான இந்த அமைப்புக்கு, நிலத்தைத் தானே முந்தி வாங்கி விவசாயிகளுக்குக் கொடுக்கும் உரிமை உண்டு. பதில் சொல்ல இரண்டு மாதம். நகரத்தில் வீடு வாங்கிய நண்பர்கள் இந்தத் தாமதத்தைக் கேட்டுச் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. இளம் விவசாயிகளுக்கு நிலம் கிடைக்காவிட்டால் இந்த ஊர்களில் கோடைகால வீடுகள் மட்டும்தான் மிஞ்சும்.

உறுதி எழுதும் நாளன்று காலையில் வீட்டை மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்த்து, மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுத்துக்கொண்டோம். வீட்டுக் காப்புறுதியை முதல் நாளே எடுத்திருந்தோம். நொத்தேர் உறுதியை வாய்விட்டு வாசித்தார். பழைய வீடுகளுக்குப் பொதுவாக 7 முதல் 8 சதவீதம் வரை நொத்தேர் செலவு என்பார்கள், அதில் பெரும்பகுதி வரிதான். விலை குறைந்த வீட்டில் இந்தச் சதவீதம் கூடும், எங்களுக்கும் கூடியது. அன்று கையில் கிடைப்பது சாவியும் உரிமைச் சான்றும் மட்டுமே. பதிவான உறுதியின் பிரதி பல மாதம் கழித்துத்தான் தபாலில் வந்தது.

பண்ணையாருடைய மாடுகள் இப்போதும் மேய்கின்றன. பணம் வாங்காத இரவல் ஒப்பந்தம் ஒன்றை எழுதிக்கொண்டோம், வேலி அவர் பொறுப்பு. புதுக் கழிவுநீர்த் தொகுதியும் போட்டாயிற்று. இதைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று: மண்ணைப் போட்டு மூடுவதற்கு முன்பே ஸ்பாங்க்குக்குச் சொல்லி ஆள் வரவழையுங்கள். திறந்திருக்கும்போது பார்த்தால்தான் அவர்கள் சான்று தருவார்கள்.