ஸ்டார்டஸ்ட் கம்பத்தில் நட்சத்திரம் கொட்ட ஆரம்பித்துவிட்டது

லாஸ் வேகாஸ் ஸ்டார்டஸ்ட் சூதாட்ட ஹோட்டலின் வாசலில் 1968ல் நிறுத்திய 188 அடி விளம்பரக் கம்பம், 1:100 அளவில் இப்போது என் மேஜைமேல் 57 சென்டிமீட்டரில் நிற்கிறது. நேற்று ராத்திரிதான் உச்சியிலிருந்து ஒளி ஒழுங்காகக் கொட்டியது. சும்மா சொல்லக்கூடாது, அட்டகாசம்.

சட்டம், வயரிங் எல்லாம் வழக்கமான வேலைதான். உயிரை வாங்கியது ஃபைபர், அதாவது ஒரு முனையில் விட்ட ஒளியை மறுமுனைக்குக் கடத்தும் மெல்லிய பிளாஸ்டிக் இழை. அசல் கம்பத்தில் நியானும் குண்டு பல்பும் கலந்து, ஒளி மேலே உள்ள நட்சத்திரங்களிலிருந்து உதிர்ந்து பெயர்மேல் வந்து விழும். அதற்கு அரை மில்லிமீட்டர் ஃபைபர். சூப்பர் க்ளூ பக்கமே போகாதீர்கள், இழை மொறுமொறுவென்று ஆகி ஒடிந்துவிடும். வெள்ளைப் பசை போதும். நுனியை பிளேடால் நறுக்கி அப்படியே விட்டால் நேர் எதிரே நிற்பவருக்கு மட்டும்தான் வெளிச்சம். சால்டரிங் அயர்னைத் தொடாமல் கிட்டே காட்டினால் நுனி உருகிச் சின்ன மணியாகத் திரளும், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் மினுக்கும்.

அப்புறம், இழைகளை வரிசை வரிசையாக எல்இடிக்குக் கட்டினால் ஒளி படிப்படியாக இறங்கும், லிஃப்ட் மாதிரி. ஒவ்வொரு கட்டிலும் அடுத்த வரிசையின் இழைகள் சிலவற்றைக் கலந்து, மேல் கட்டு அணைந்து முடிவதற்குள் கீழ்க்கட்டை ஏற்றினேன். அதன்பிறகுதான் கோடு மறைந்து, கொட்டுகிற மாதிரி ஆனது. ஃபைபர் விற்ற கடைக்காரர் சுருளை மடக்கி அனுப்பியதில் கால்வாசி குப்பைக்குப் போனது தனிக்கதை.

பெயர் எழுத்துகளை இன்னும் ஒட்டவில்லை. 1968ன் கூர் கூரான எழுத்துகள்தான் வைப்பேன். 1991ல் அவற்றைக் கழற்றிவிட்டு மொழுக்கென்று ஒரு எழுத்தை மாட்டினார்கள், என்ன ரசனையோ. 2006 நவம்பரில் ஹோட்டலை மூடி, 2007 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே இடத்தில் எழுப்ப ஆரம்பித்த எஷலான் என்ற புது சூதாட்ட ஹோட்டல் வளாகம் 2008லேயே பாதியில் நின்றது. 2021ல்தான் அங்கே ரிசார்ட்ஸ் வேர்ல்ட் என்ற வேறொரு ஹோட்டல் திறந்தது. இதற்கா அவ்வளவு அவசரம்? நல்லவேளை, பழைய எழுத்துகள் அந்த ஊர் நியான் மியூசியத்தில் இருக்கின்றன. வளைவுகளுக்கு அந்தப் படங்களே துணை.

எழுத்து முடியுமுன்பே கை அடுத்ததற்குப் பரபரக்கிறது. 1958ல் ஹோட்டல் திறந்தபோது முகப்பில் இருந்த 216 அடிப் பலகை, நடுவில் பூமி உருண்டை, சுற்றிலும் கோள்கள். இதே அளவில் 66 சென்டிமீட்டர் நீளம் வரும். பூமிக்கு 5 சென்டிமீட்டர் அக்ரிலிக் உருண்டை தேடிக்கொண்டிருக்கிறேன், பால் வெள்ளையில், தையல் கோடு தெரியாமல் எங்கே கிடைக்கும்?