கோடிட்ட இடத்தில் என்ன எழுதுவது

ஜூலை 1, செவ்வாய்

பிள்ளைகள் தங்கள் இன அடையாளத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற என் ஆய்வுக்குக் கல்வி அமைச்சின் அனுமதி போன வாரமே கைக்கு வந்துவிட்டது. இன்று பள்ளி முதல்வரும் சரி என்றார். மலேசியாவின் கிள்ளானில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளி. படிவம் நான்கில் தமிழ்மொழி வகுப்புக்கு வரும் 26 பேரிடம் முதலில் முன்னோட்டம், அப்புறம் மற்ற பள்ளிகள்.

கையில் இருப்பது இன அடையாளத்தை அளக்க அமெரிக்க உளவியலாளர் ஜீன் ஃபின்னி 1992இல் வெளியிட்ட அளவுகோல். கலிபோர்னியாவில் பல இனத்துப் பள்ளி, கல்லூரி மாணவர்களை வைத்து உருவாக்கியது. ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் கேள்வித்தாள் போடாமல், எந்தப் பிள்ளையிடமும் கேட்கக்கூடிய பொதுக் கேள்விகளை அவர் அமைத்தார். 'என் இனத்தின் வரலாறு, மரபு, வழக்கங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நேரம் செலவிட்டிருக்கிறேன்' என்பது போன்ற வாக்கியங்கள். முற்றிலும் மறுக்கிறேன் என்பதற்கு 1, முற்றிலும் ஏற்கிறேன் என்பதற்கு 4. 1999இல் ராபர்ட்ஸும் மற்றவர்களும் 5,423 பிள்ளைகளின் விடைகளை அலசி, 12 வாக்கியங்களை வைத்துக்கொண்டார்கள். அவற்றில் இரண்டு இழைகள் ஓடுகின்றன: ஒன்று தேடல், மற்றது பற்று. நானும் அந்தப் பன்னிரண்டைத்தான் எடுத்திருக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

மொழிபெயர்ப்பு ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. மலாயில் 'பங்சா' என்று போட்டால் அது இனத்தையும் குறிக்கும், தேசத்தையும் குறிக்கும். 'பங்சா மலேசியா' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை 'மலேசியர்' என்று எழுதினால் அதில் என்ன தவறு? 'காவும்' என்றால் சமூகம், 'கெத்துருனான்' என்றால் வம்சாவளி. தமிழில் 'இனம்' என்றே வைத்தேன். சக ஆசிரியை ஒருவர் மூலத்தைப் பார்க்காமல் என் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கித் தந்தார். பெரிய வேறுபாடு இல்லை. நிம்மதியாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

அந்த நிம்மதி மூன்று நாள்தான். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தைப் படித்துவிட்டு ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், இனம்னு போட்டிருக்கீங்களே, சாதியக் கேக்குறீங்களா? அதையெல்லாம் நாங்க பிள்ளைகிட்ட பேசுறதே இல்ல."

அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். 'நாங்க எல்லாம் ஒரே இனம்' என்று அங்கே யார் சொன்னாலும் அது சாதியைத்தான் குறிக்குமாம். சாதியை யாரும் கேட்கமாட்டார்கள், எழுதினாலும் எண்ணமாட்டேன் என்று பத்து நிமிடம் விளக்கினேன். கடைசியில், "அப்ப அத கடிதத்துலயே எழுதிடுங்க டீச்சர்" என்றார். சரியான யோசனை. ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்க்கும் சோதனையில் இது சிக்கியிருக்கவே முடியாது. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர் சொன்னால்தான் தெரியும். இரவே கடிதத்தைத் திருத்தினேன்.

ஜூலை 9, புதன்

கேள்விகளுக்கு முன்னால் ஒரு வரி உண்டு. 'இன அடிப்படையில் என்னை நான் ______ என்று கருதுகிறேன்.' ஃபின்னி வேண்டுமென்றேதான் இதைத் திறந்து விட்டிருக்கிறார். பிள்ளை தன் சொல்லைத் தானே எழுத வேண்டும். தாய், தந்தையின் இனம் பற்றிய கேள்விகள் எல்லாம் கடைசியில்தான்.

நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலிருந்தே மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் (மற்றவர்) என்ற நான்கு கட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். கட்டம் இல்லாததைக் கண்டு சிலர் திகைத்துப்போனார்கள். "இந்தியான்னு போடவா, தமிழ்னு போடவா டீச்சர்?" என்று முன்வரிசையில் ஒரு பையன் கேட்டான். உனக்கு எது சரியோ அது என்றேன். அவனுக்கு அது பதிலாகவே படவில்லை.

ஜன்னலோரம் ஒரு மாணவி. பென்சிலால் 'இந்தியர்' என்று எழுதினாள், அழித்தாள். 'சிண்டியன்' (சீன-இந்தியக் கலப்பு) என்று எழுதினாள், அதையும் அழித்தாள். தாளை வாங்கியபோது அந்த இடம் பஞ்சுபோல எழும்பியிருந்தது. நான் விட்டிருந்த கோடு ஒரு விரல் நீளம்தான். அதற்குள் அடங்காமல் ஓரம்வரை பொடி எழுத்தில் போயிருந்தது: 'அப்பா தமிழர், அம்மா சீனர்.'

ஜூலை 10, வியாழன்

ஐந்து பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படிக்கும்போது மனதில் என்ன ஓடியது என்று கேட்டேன். இந்த ஆய்வில் நான் கற்றது பெரும்பாலும் இன்றைய ஒரு மணி நேரத்தில்தான்.

ஒருவன் கோட்டில் 'தெலுங்கு' என்று எழுதியவன். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவன். 'என் இனத்தவர் அதிகமுள்ள அமைப்புகளில் ஈடுபடுகிறேன்' என்பதற்கு 4 போட்டிருந்தான். எந்த அமைப்பு? "தமிழ்மொழிக் கழகம், டீச்சர்." உணவு, இசை, வழக்கங்கள் பற்றிய கேள்விக்கு நினைத்தது பாட்டி வீட்டு உகாதிப் பச்சடியை. பெருமை பற்றிய கேள்விக்கு? "இந்தியர்னுதான் நெனச்சேன்." ஒரே தாளில் மூன்று இனம்! நான் அவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து 3.25 என்று எழுதிவைத்திருக்கிறேன்.

இன்னொருவன் தேடல் கேள்விகளுக்கெல்லாம் 1, 2 என்றே போட்டிருந்தான். கோட்பாட்டின்படி பார்த்தால் தன் இனத்தைப் பற்றி இன்னும் யோசிக்காத பிள்ளை. கேட்டால், "எதுக்கு டீச்சர் தேடணும்? தாத்தா தெனமும் தேவாரம் பாடுறாரு, நான் உறுமி அடிக்கிறேன்" என்கிறான். வீட்டிலேயே நிறைந்து கிடப்பதை யாரும் தேடிப் போவதில்லை. அவன் வாங்கிய குறைந்த எண்ணை அக்கறையின்மை என்று எழுதினால் அது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

ஜூலை 15, செவ்வாய்

எண்கள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன, உள்ளிசைவு நன்றாகவே இருக்கிறது. மேற்பார்வையாளர் மகிழ்ந்தார். ஆனால் ஒத்துப்போகும் எண்கள் ஒரே பொருளைத்தான் அளக்கின்றன என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. தெலுங்குப் பையனின் தாளை அவரிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "நேர்காணலையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஜூலை 17, வியாழன்

நூலகத்தில் பழைய குடிக்கணக்கு பற்றிப் படித்தேன். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நமக்கான தலைப்பு 'தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்'. பிறகு அது 'இந்தியர்' ஆனது. முன்வரிசைப் பையன் என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். நூறாண்டுக்கு மேலாகியும் அது அந்த ஒற்றைக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது.

தாளைத் திருத்தினேன். கோடு இப்போது முழு இரண்டு வரி. 'ஒரு சொல்லோ பல சொற்களோ எழுதலாம்' என்று கீழே சேர்த்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், 'இதற்கு யாரை நினைத்தேன்' என்று எழுத இடம் விட்டேன். தாள் நீண்டுவிட்டது, பரவாயில்லை.

மாலையில் அந்த மாணவியிடம் புதிய தாளைக் காட்டி, இடம் போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள். அப்புறம் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் எழுதினா என்னை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க டீச்சர்?" என்றாள். தனியாகவே வைப்பேன் என்றேன். "நான் ஒருத்திதானே இருப்பேன்?" மற்ற பள்ளிகளிலும் கேட்கப்போகிறேன், இன்னும் பேர் வருவார்கள் என்றேன். பட்டியலில் அடுத்து ஆறு பள்ளிகள் இருக்கின்றன. திங்களன்று முதல் பள்ளி.