சேவல் கூவுவதற்கு முன்பே ஒரு ஜெபம்

புனித பூமிக்குப் போகிற குழுக்கள் பெத்லகேமுக்கும் கல்லறைத் தேவாலயத்துக்கும்தான் அதிக நேரம் வைப்பார்கள். அது நியாயம்தான், எங்கள் குழுவும் அப்படித்தான் போனது. ஆனால் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது வேறு இடங்கள்: இயேசு பிசாசினால் சோதிக்கப்பட்டதாகச் சொல்கிற, எரிகோவுக்கு மேலே உள்ள சோதனை மலை, அவர் பிடிபடுவதற்கு முன் ஜெபித்த ஒலிவமலை அடிவாரத் தோட்டமான கெத்செமனே, அப்புறம் அவரைத் தெரியாது என்று சீஷன் பேதுரு மூன்று தரம் மறுதலித்ததை நினைவுகூருகிற, எருசலேமின் சீயோன் மலைச் சரிவில் கூரைமேல் பொன்னிறச் சேவல் நிற்கிற பேதுருவின் ஆலயம்.

எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே 750 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது, எரிகோவோ ஏறக்குறைய 250 மீட்டர் கீழே. பேருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், காது அடைக்கும், பாதி வழியில் இதுதான் கடல் மட்டம் என்று ஒரு பலகை வரும், அதற்குப் பிறகும் இறக்கம்தான். இருபுறமும் யூதேயா வனாந்தரம், கண்ணுக்கு எட்டிய மட்டும் கல். "இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும்" என்று பிசாசு சொன்னது அங்கே உட்கார்ந்து படித்தால் வேறு மாதிரி கேட்கிறது. பசித்தவனுக்கு முன்னால் கிடப்பதையே எடுத்து நீட்டுகிறான், தூரத்திலிருந்து எதையும் கொண்டுவரவில்லை.

கீழேயிருந்து கேபிள் கார் உண்டு. செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மடம், உள்ளே குகையில் ஒரு சிற்றாலயம், இயேசு உட்கார்ந்ததாகப் பாரம்பரியம் சொல்கிற ஒரு கல். அந்தக் கல்லைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. வெளியே பார்த்தால் பச்சையாக எரிகோ, அதற்கு அப்பால் யோர்தான் பள்ளத்தாக்கு. "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் கேட்டது அந்த ஆற்றங்கரையில்தான். பிசாசு வந்து பேசிய முதல் வார்த்தை "நீர் தேவனுடைய குமாரனேயானால்". பிதா எதைச் சொன்னாரோ அதிலேயே கை வைக்கிறான். இயேசு அங்கே ஓர் அற்புதம்கூடச் செய்யவில்லை. உபாகமத்திலிருந்து மூன்று வசனங்கள், அவ்வளவுதான். ஒரு யூதப் பையனுக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கக்கூடிய வசனங்கள்.

லூக்கா இந்தச் சம்பவத்தை முடிக்கும்போது, பிசாசு "சிலகாலம்" அவரை விட்டு விலகிப்போனான் என்கிறார். ஒரேயடியாகப் போய்விடவில்லை. நாற்பது நாள் உபவாசம் முடித்து, சோதனையை ஜெயித்த தேவகுமாரனுக்கே இடைவேளைதான் கிடைத்தது என்றால், ஒரு எழுப்புதல் கூட்டம் முடிந்த கையோடு இனிமேல் எனக்குச் சோதனையே வராது என்று நாம் நினைத்துக்கொள்வது கொஞ்சம் அதிகம்தான், இல்லையா?

அந்த இடைவேளை முடிந்த இடம் கெத்செமனே என்று எனக்குப் படுகிறது. ஒலிவ மரங்களை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். இயேசு பார்த்த அதே மரங்கள் என்று பலர் சொல்லுவார்கள். சில மரங்களின் தண்டை ஆராய்ந்து, அவை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று 2012இல் அறிவித்தார்கள், அதுவே பெரிய வயதுதான். பக்கத்தில் சகல தேசங்களின் ஆலயம், 1924இல் அர்ப்பணிக்கப்பட்டது. கட்டிடக் கலைஞர் பர்லூட்சி ஜன்னல்களை ஊதா நிறத்தில் வைத்து உள்ளே எப்போதும் அந்தி நேரம்போல் இருட்டாக்கி வைத்திருக்கிறார். நடுவில் இயேசு ஜெபித்ததாகச் சொல்கிற ஒரு வெறும் பாறை, அதைச் சுற்றி முள்முடி வடிவில் இரும்பு வேலி. ஜனங்கள் முழங்காலில் நின்று அந்தப் பாறையைத் தொட்டு அழுகிறார்கள்.

சீஷர்கள் தூங்கினதைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம், எல்லாம் திட்டுகிற பிரசங்கம். லூக்கா மட்டும் காரணம் எழுதுகிறார்: "துக்கத்தினாலே" தூங்கினார்களாம். சோம்பேறித்தனம் என்று அவர் சொல்லவில்லை, மனம் தாங்காத பாரத்தில் உடம்பு படுத்துவிட்டது. "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று ஆண்டவர் சொன்னதை நான் இதுவரை கடிந்துகொள்ளுதலாகவே வாசித்திருந்தேன், அந்த அரையிருட்டில் அது ஒரு தகப்பன் பிள்ளையைப் புரிந்துகொண்டு பேசுவதாகக் கேட்டது. அதே இரவில் அவருக்கும் பலம் தேவைப்பட்டது. வானத்திலிருந்து ஒரு தூதன் வந்து அவரைப் பலப்படுத்தினான் என்று எழுதியிருக்கிறது. நீங்கும்படி அவர் கேட்ட பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கவில்லை, அதைக் குடிக்கப் பலம் வந்தது.

அங்கிருந்து பேதுருவின் ஆலயம். இயேசுவை அன்றிரவு விசாரித்த பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு இருந்த இடம் இதுதான் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒரே கருத்து இல்லை, சீயோன் மலையிலேயே ஆர்மீனியர்களிடம் வேறொரு இடம் உண்டு. இருக்கட்டும். கீழ்த்தளத்தில், இயேசுவை அன்றிரவு வைத்திருந்ததாகப் பாரம்பரியம் சொல்கிற, பாறையைக் குடைந்த ஒரு குழி, அங்கே நின்று சங்கீதம் 88 வாசிப்பது வழக்கம். வெளியே பழங்காலக் கற்படிப் பாதை ஒன்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. முற்றத்தில் ஒரு சிலைக் கூட்டம்: கையை விரித்தபடி பேதுரு, எதிரே ஒரு வேலைக்காரப் பெண், ஒரு சேவகன்.

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது அங்கிருந்து தெரிகிற காட்சி. திரும்பிப் பார்த்தால் கெதரோன் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒலிவமலை அப்படியே தெரிகிறது. பேதுரு "நான் ஒருக்காலும் இடறலடையேன்" என்று சொன்ன இடத்துக்கும் "அவனை அறியேன்" என்று சொன்ன இடத்துக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு, ஒரு ராத்திரி. பட்டயத்துக்குப் பயப்படாமல், இயேசுவைப் பிடிக்க வந்த ஒருவனின் காதை வெட்டினவன், குளிர்காய வந்த இடத்தில் ஒரு வேலைக்காரியின் கேள்விக்குச் சுருண்டுவிட்டான். நாம் பலம் என்று எண்ணியிருக்கிற இடத்தில்தான் காவல் இல்லாமல் இருக்கிறோம் போல.

முற்றத்தில் எங்கள் போதகர் லூக்கா 22ஐ வாசித்தார். "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தரம் வாசித்தார். இது மறுதலிப்புக்கு முன்னால் சொன்னது. அவன் விழக்கூடாது என்று ஆண்டவர் ஜெபிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விழுவான் என்று தெரியும், சேவல் கூவுகிற நேரம்கூடத் தெரியும். அவன் விசுவாசம் செத்துப்போகக் கூடாது என்றுதான் கேட்கிறார், அதோடு "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று எழுந்த பிறகு செய்ய வேண்டிய வேலையையும் கையில் கொடுத்துவிடுகிறார். நம் சாட்சி நேரங்களில் ஜெயித்த கதைகளுக்கு மட்டும்தான் மைக் கிடைக்கிறது. விழுந்தவனைப் பற்றி வாசலில் நின்று பேசுவோம். பேதுருவை நம் சபைக் கமிட்டியிடம் கொடுத்திருந்தால் அவன் பிரசங்கித்த பெந்தெகொஸ்தே நாளில் பேச வேறு ஆளைத்தான் தேடியிருப்பார்கள்.

சேவல் கூவினதும் "கர்த்தர் திரும்பி, பேதுருவை நோக்கிப்பார்த்தார்". கட்டப்பட்டு, அடிபட இருக்கிறவர் திரும்பிப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் அவன் வெளியே போய் அழுகிறான்.

கலிலேயாக் கடலோரத்தில், தப்கா என்ற இடத்தில் இதன் மறுபாதி இருக்கிறது. கருங்கல்லில் கட்டிய சின்ன ஆலயம், உள்ளே ஒரு பாறை, வெளியே தண்ணீர். மறுதலித்த இரவில் எரிந்ததும் கரிநெருப்பு, உயிர்த்த ஆண்டவர் மீன் சுட்டு வைத்ததும் கரிநெருப்பு. மூன்று தரம் மறுதலித்தவனிடம் மூன்று தரம் கேள்வி. ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை, "என்னை நேசிக்கிறாயா" என்று மட்டும்.

போகிறவர்கள் கெத்செமனேயையும் பேதுருவின் ஆலயத்தையும் ஒரே நாளில், இந்த வரிசையில் வைக்கச் சொல்லுங்கள். முற்றத்தில் லூக்கா 22ஐ யாராவது சத்தமாக வாசிக்கட்டும், படம் எடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கற்படிகளில் இறங்க வேண்டாம், திரும்ப ஏறுவது கடினம்.