அட்டைப்படத்தால் நின்றுபோன புஷ்

பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் போட்டு (படத்திலிருக்கும் எழுத்தை உரையாக மாற்றி), பிழை திருத்தும் வேலையை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்கிறோம். திருத்திய உரை, ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரே கிட் ரெப்போ. எந்த ஃபைலில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் மென்பொருள்தான் கிட்; அது கவனிக்கும் ஃபோல்டர்தான் ரெப்போ. உரைக்கு கிட் அருமையான கருவி. விட்டுப்போன ஒற்றெழுத்தை யார், எந்தத் தேதியில் போட்டார்கள் என்பது வரை காட்டிவிடும். படங்களில்தான் மாட்டிக்கொண்டோம்.

ஏ4 அளவுப் பக்கத்தை 600 டிபிஐ, முழு வண்ணத்தில், சுருக்காமல் டிஃப் (TIFF) படமாகச் சேமித்தால் சுமார் 99.6 எம்பி வரும். ரெப்போ இருக்கும் தளத்தில் ஒரு ஃபைலுக்கு வரம்பு 100 எம்பி. உள்பக்கங்கள் சிறியவை, தப்பித்தன. அட்டையை மட்டும் ஓரம் நிறைய விட்டு ஏ3 ஸ்கேனரில் எடுத்திருந்தேன். ராத்திரி முழுக்க புஷ் (என் கணினியிலிருந்து தளத்துக்கு ஏற்றுவது) ஓடியது. விடிந்து பார்த்தால் அந்த ஒரு ஃபைலுக்காக மொத்தமும் திரும்பி வந்திருந்தது.

அட்டையை அழித்து இன்னொரு கமிட் (மாற்றங்களின் பதிவு) போட்டேன். அதே பிழை. அழித்தாலும் முந்தைய கமிட்டில் அது இருக்கத்தான் செய்கிறது. புஷ் செய்தால் அதுவும் சேர்ந்தே போகும். சரி, பெரிய ஃபைல்களைத் தனியே வைக்கும் எல்எஃப்எஸ் என்ற துணைக் கருவி இருக்கிறதே என்று அதை நிறுவி, டிஃப் ஃபைல்களை அதன் பொறுப்பில் விட 'ட்ராக்' செய்தேன். அப்போதும் அதே பிழை. ட்ராக் என்பது இனிமேல் சேர்ப்பதற்கு மட்டும்தான், பழைய கமிட்டுகளைத் தொடாது. இது புரிய எனக்கு ஒரு நாள் போனது. முதல் படத்தைச் சேர்க்கும் முன்பே ட்ராக் செய்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

வழி காட்டியது, பழைய கமிட்டுகளில் இருக்கும் ஃபைல்களையும் எல்எஃப்எஸ்ஸுக்கு மாற்றும் 'கிட் எல்எஃப்எஸ் மைக்ரேட் இம்போர்ட்' கட்டளை. முதலில் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வைத்தேன். இதைத் தவிர்க்கவே கூடாது. ஏற்கெனவே புஷ் ஆன படங்களும் மாற வேண்டும் என்பதால் 'எவ்ரிதிங்' என்ற தேர்வையும் சேர்த்து ஓட்டினேன். கமிட் எண்கள் எல்லாம் மாறிவிட்டதால் தளத்தில் இருப்பதன் மேல் கட்டாயமாக எழுதும் ஃபோர்ஸ் புஷ் செய்ய வேண்டியிருந்தது. மற்ற இருவரிடமும், கையில் இருக்கும் திருத்தங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக குளோன் செய்யச் (ரெப்போவை முழுதாக இறக்கிக்கொள்ளச்) சொன்னேன்.

மறுநாள் அந்த இருவரில் ஒரு தம்பியிடமிருந்து போன். "அண்ணா, ஒரு படமும் திறக்கல. அட்டை வெறும் 134 பைட்தான் இருக்கு."

நோட்பேடில் திறக்கச் சொன்னேன். மூன்றே வரி: எல்எஃப்எஸ் பதிப்பு, அந்தப் படத்துக்கான 64 எழுத்து ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்), அதன் உண்மையான அளவு. கிட் வைத்திருப்பது இந்தச் சீட்டைத்தான். படம் தனிக் கிடங்கில் இருக்கிறது. அவன் கணினியில் எல்எஃப்எஸ் நிறுவவில்லை. நிறுவி, படங்களை இறக்கும் 'எல்எஃப்எஸ் புல்' கட்டளையைக் கொடுத்ததும் படங்கள் வரத் தொடங்கின. பாதியிலேயே அவனுடைய மொபைல் டேட்டா தீர்ந்துபோனது.

அவன் பார்ப்பது பிழை திருத்தம் மட்டும்தானே, அத்தனை படமும் எதற்கு? படங்களை இறக்காமல் விடும் 'ஸ்கிப் ஸ்மட்ஜ்' அமைப்பை 1 என்று வைத்து மறுபடி குளோன் செய்தான். உரையும் சீட்டுகளும் மட்டும் சில நிமிடங்களில் இறங்கின. இப்போது ஏதாவது ஒரு பக்கத்தில் எழுத்து மங்கிப் புரியவில்லை என்றால், 'எல்எஃப்எஸ் புல்' கட்டளையோடு 'இன்க்ளூட்' கொடுத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துப் பார்த்துக்கொள்கிறான்.